ஒட்டோ கியர் ஜீப்பும் வன்னி றோட்டும்: கியர் பொக்ஸ் ஒழுக்கில பட்டறிஞ்ச கதைகள்

முள்ளியவளையில இருந்து

ஒட்டோ கியர் ஜீப் வைச்சிருக்கிற குடும்பங்களுக்காக இந்தப் பதிவைத் தொடங்குறன், உங்கட கதைகளையும் கீழ எழுதுங்கோ. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினவை, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலதான் திரும்பத் திறந்துவிட்டவை. திறந்தும் என்ன, வரியோட வாற விலையைக் கேட்டால் நெஞ்சு பதறுது. எங்கட பக்கம் ஓடுற ஜீப்புகளில கனக்க அதுக்கு முந்தி வந்ததுகள், ஒயில் வெளிய வராமல் மறிக்கிற ரப்பர் சீல் காய்ஞ்சு இறுகுற வயசு. கியர் பொக்ஸ் போனால் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போய்ப் பழசு ஒண்டை நம்பி எடுக்க வேணும். அதுக்குள்ள என்ன கிடக்கெண்டு பூட்டி ஓடினாப் பிறகுதான் தெரியும். அதால, ஒழுக்கைச் சின்னனா இருக்கேக்கையே பிடிக்கப் பாருங்கோ.

எங்கட ஜீப் முன் சில்லு இழுக்கிற வகை. காலமை எடுக்கேக்க இடப்பக்க முன் சில்லுக்குக் கிட்ட, நிலத்தில சிவப்புப் பொட்டு. எஞ்சின் ஒயில் எண்டால் மண்ணிறம், இல்லாட்டிக் கறுப்பு. ஏசித் தண்ணிக்கு நிறமே இல்லை. சிவப்பெண்டால் கியர் பொக்ஸ் ஒயில், பவர் ஸ்டியரிங் ஒயில், சில வாகனத்தில கூலன்ட். விரலில தொட்டால் கூலன்ட் தண்ணியா ஓடும், இனிச்ச மணம் வரும். இது வழுக்கிச்சுது. ஸ்டியரிங் ஒயிலின்ர மட்டம் குறையேல்லை. மிச்சம் ஒண்டுதான்.

ஒரு கராஜில காட்டினம். ஒழுகின ஒயிலில கிரவல் தூசி அப்பி அடிப்பக்கம் முழுக்க மூடிக் கிடந்தது. கழுவாமலே பார்த்திட்டு, பொக்ஸை இறக்கி முன் சீல் மாத்த வேணும் எண்டிச்சினம். கூலியைக் கேட்டு மனிசி ஒண்டும் பேசேல்லை.

என்ர மச்சான் முல்லைத்தீவுக் கரையில படகுகளின்ர அவுட்போர்ட் எஞ்சின் திருத்துறவர். அவர் முதல்ல அடிப்பக்கத்தைக் கழுவிக் காயவிட்டார். பிறகு எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டு, டோர்ச்சோட கீழ படுத்தார். சில்லைச் சுத்துற டிரைவ் சாஃப்ட் பொக்ஸுக்குள்ள நுழையிற இடத்தில, சீலுக்கு மேல இறுக்கிச் சுத்திக் கிடந்தது தங்கூசி, மீன்பிடி நைலோன் நூல்! பிள்ளைகளை ஏத்திக்கொண்டு கடற்கரை மணலுக்குள்ள இறங்கேக்க, அறுந்து கிடந்த வலைத்துண்டு ஏறியிருக்குது. சுத்தச் சுத்த அது சீலின்ர உதட்டை வெட்டிப்போட்டுது. கடலில புரொப்பெலர் சாஃப்டில இதே தங்கூசி சுத்தி, சீல் வெட்டி, கியர் ஒயிலுக்குள்ள உப்புத்தண்ணி போறதை அவர் எந்த நாளும் காணுறவர். அந்தக் கண் கராஜ்காரருக்கு இல்லை. சாஃப்டைக் கழட்டிச் சீல் மட்டும் மாத்தி, குறைஞ்ச ஒயிலை விட்டம். பொக்ஸ் இறக்கேல்லை. முல்லைத்தீவு, கொக்கிளாய்ப் பக்கம் கரைக்கு வாகனம் விடுற ஆக்கள், வீட்ட வந்து ஒருக்காக் குனிஞ்சு பாருங்கோ.

மாங்குளத்திலிருந்து

முள்ளியவளை அண்ணை சொன்னதில் கழுவிப் பார்க்கிற விசயம்தான் என் மனதுக்குள் நிக்குது. நான் கராஜ் வேலை செய்கிறவன். ஒயில் சொட்டுகிற இடம் வேறு, ஒழுகுகிற இடம் வேறு. ஓடும்போது காற்று ஒயிலைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். முன்னுக்கு, ஒயிலைக் குளிராக்கும் கூலர் குழாயில் வந்த ஒழுக்கு, பின்னுக்குச் சம்ப் எனும் அடி ஒயில் தட்டின் மூலையில் சொட்டும். சம்ப் காஸ்கெட்டைக் குற்றம் சொல்லி மாற்றிவிட்டு, அடுத்த கிழமை அதே சொட்டோடு திரும்பி வருகிற வாகனங்கள் உண்டு. கழுவிவிட்டு, இரவில் கீழே ஒரு காட்போட் மட்டையை விரித்து, சில்லு நின்ற இடத்தையும் அதில் குறித்து வையுங்கள். அந்த மட்டையையும் கராஜுக்குக் கொண்டு வந்தால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

ஒயில் குறைந்தால் முதலில் காட்டுவது காலைக் குளிரில். டி (D) கியரில் போட்டுக் கொஞ்சம் பொறுத்துத்தான் வாகனம் இழுக்கும். பிறகு ஏத்தத்தில் எஞ்சின் இரையும், வேகம் வராது. உள்ளுக்குள் கிளச் தட்டுகள் வழுக்குவதுதான் அது. அந்த நிலையில் தொடர்ந்து ஓடினால் ஒயில் கருகிக் கறுத்து மணக்கும்.

மட்டம் பார்க்கிற முறை வாகனத்துக்கு வாகனம் மாறும். சிலதில் எஞ்சின் ஓட ஓடப் பார்க்க வேணும், சிலதில் நிறுத்திய உடனே பார்க்க வேணும். சிலதில் ஒயில் மட்டம் பார்க்கிற கோலே இல்லை. அதில் ஒயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது கீழ்ப்பக்கப் போல்டைக் கழற்றி, வழிகிறதா என்று பார்க்க வேணும். கைநூலைப் பாருங்கள்.

துணுக்காயில இருந்து

எங்களுக்கு ஒழுக்கு வெளிய போகேல்லை, உள்ளுக்கு வந்தது. மாரியில வவுனிக்குளம் வான் பாயேக்க றோட்டுக்கு மேல தண்ணி. தூர ஓடி நல்லாச் சூடேறின ஜீப், அப்பிடியே மெதுவா இறக்கித் தாண்டினம். சூடான பொக்ஸ் குளிர் தண்ணிக்குள்ள போனால் உள்ளுக்கு இருக்கிற காத்துச் சுருங்கும். சுருங்கினால், பொக்ஸுக்குக் காத்து போய்வாற மூச்சுக்குழாயாலயும் தேய்ஞ்ச சீலாலயும் தண்ணியை இழுக்கும். பின் டிஃபெரன்ஷியலுக்கும் அதே கதைதான். ரெண்டு நாளைக்குள்ள கோலை இழுத்துப் பார்த்தம், ஒயில் கலங்கிப்போச்சு. உடன வடிச்சு மாத்தினதால தப்பிச்சுது. எங்கட மெக்கானிக் அந்த மூச்சுக்குழாய்க்கு நீளமான ரப்பர் ஹோஸ் பூட்டி, பொனட்டுக்குக் கிட்ட உயர்த்தி விட்டவர். கார்த்திகைக்கு முதல் செய்து வையுங்கோ.

நெடுங்கேணியில இருந்து

நான் ஜீப் ஓடுற பொம்பிளை. ஒட்டுசுட்டான் றோட்டில அம்மாவை ஏத்திக்கொண்டு வரேக்க, கூலருக்குப் போற ரப்பர் குழாய் வெடிச்சுது. எஞ்சின் ஓட ஓட உள்ளுக்குள்ள இருக்கிற பம்ப் ஒயிலை அதுவழியா வெளிய தள்ளும். கண்ணாடியில பின்னுக்குப் புகை தெரிஞ்ச உடன நிப்பாட்டிட்டன். அம்மாவை ஓட்டோவில ஏத்தி அனுப்பினன்.

அதுக்குள்ள ஊர்ச் சனம் கூடியிட்டுது. தம்பி ஒருத்தன் டிரக்டரையும் கயித்தையும் கொண்டு வந்திட்டான். நல்ல மனம்தான், எங்கட ஊரில ஆர் நிண்டாலும் டிரக்டர் வரும். ஆனால் நான் விடேல்லை. எங்கட ஜீப் நாலு சில்லும் இழுக்கிற வகை. எஞ்சின் நிண்டால் பொக்ஸுக்குள்ள இருக்கிற பம்பும் நிண்டிடும். கயித்தில கட்டி இழுத்தால் சில்லு உருள உருள, உள்ளுக்குப் பல்லும் பெயரிங்கும் ஒயிலில்லாமல் சுத்தும். "அக்கா, எத்தினை வாகனம் இழுத்திருக்கிறம், ஒண்டும் நடக்கேல்லை" எண்டான். அவன் இழுத்தது எல்லாம் கையால கியர் போடுற வாகனம். வவுனியாவில இருந்து வாகனம் ஏத்துற கெரியர் வரப் பொழுதுபட்டிட்டுது. வெய்யிலுக்குள்ள நிண்டு எல்லாற்ற பேச்சும் கேட்டன். குழாயும் ஒயிலும் மாத்தினதோட ஜீப் இண்டைக்கும் ஓடுது.

முன் சில்லு மட்டும் இழுக்கிற வாகனம் எண்டால் முன்பக்கத்தைத் தூக்கி இழுக்கலாம். நாலு சில்லும் இழுக்கிறதெண்டால் நாலும் நிலத்தில படக்கூடாது. பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வைச்சிருக்கிறன்.

பூநகரியிலிருந்து

எங்கள் பக்கக் கிணறுகளில் பலதும் உவர் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தத் தண்ணீரைத்தான் ரேடியேற்றருக்கும் விடுகிறோம். பல ஜீப்புகளில் கியர் பொக்ஸ் ஒயிலைக் குளிராக்கும் குழாய் ரேடியேற்றரின் கீழ்த் தொட்டிக்குள்ளேயோ பக்கத் தொட்டிக்குள்ளேயோதான் இருக்கும். உப்பு அதை அரித்து ஓட்டை போட்டால் ஒயிலும் தண்ணீரும் ஒன்றாகிவிடும். அண்ணா வீட்டு ஜீப்பில் ரேடியேற்றர் மூடியைத் திறந்தபோது உள்ளே பலூடா நிறத்தில் கிடந்தது. நிலத்தில் ஒரு சொட்டு ஒழுக்குக்கூட இல்லை. கிளச் தட்டில் ஒட்டியிருக்கும் உராய்வுத் தாள் தண்ணீர் பட்டு ஊறிக் கழன்றுவிட்டது. பொக்ஸ் முழுக்கப் பிரிக்க வேண்டி வந்தது.

கடையில் விற்கும் கூலன்ட்டை வாங்கி விடுங்கள். கலந்து விடுகிற வகையென்றால் வடித்த தண்ணீர் போத்தல் வாங்குங்கள். தெருவில் சூடேறி நின்றால் முறிகண்டியில் கடைக்காரரிடம் கேட்டு விடுகிற தண்ணீர் அவசரத்துக்கு மட்டும்தான், வீட்டுக்கு வந்ததும் வடித்துவிடுங்கள்.

செட்டிகுளத்தில இருந்து

எங்கட சின்ன ஜீப்புக்கு சிவிடி (CVT) பொக்ஸாம். ஒயில் குறைஞ்சிருக்கெண்டு சேர்விஸ் இடத்தில சிவப்பு ஒயில் விட்டிட்டினம். இப்ப அறுபதில போகேக்க ஒரு நடுக்கம். என்ன செய்யலாம் அண்ணை?

மாங்குளத்திலிருந்து

தம்பி, இனி ஓடாதேங்கோ. சிவிடிக்குள் உருக்குப் பெல்ட் ஒன்று இரண்டு கப்பிகளுக்கு நடுவில் உராய்ந்து பிடித்துத்தான் இழுக்கிறது. அதுக்கென்று செய்த ஒயில் வேறு. மற்ற ஒயில் விட்டால் பெல்ட் வழுக்கிக் கப்பியைச் சுரண்டும். ஒருதரம் வடித்தால் எல்லாம் வராது, எஞ்சினையும் பொக்ஸையும் இணைக்கிற டோர்க் கன்வேட்டருக்குள்ளும் கூலருக்குள்ளும் மிச்சம் நிற்கும். சரியான ஒயில் விட்டு, கொஞ்சம் ஓட விட்டு, திரும்ப வடித்து விட வேணும். சம்பைக் கழற்றும்போது அதுக்குள் இருக்கிற காந்தத்தில் ஒட்டியிருக்கிறதைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். நுண்ணிய சாம்பல் பசையென்றால் பயமில்லை. மினுங்குகிற துண்டுகள் இருந்தால், ஒயிலுக்குக் காசு செலவழிக்க முதல் என்னோடு கதையுங்கள்.