ரிஜெக்ஷனுக்குக் காரணம் கொள்முதல் பிரிவில் இருந்தது: அனுபவப் பகிர்வு

அம்பத்தூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

பிரேக் உதிரிபாகங்களைக் கடைந்து கொடுக்கும் ஒரு நிறுவனத்தின் தரப்பிரிவில் பணியாற்றியவன் நான். சென்னைப் பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, 1998-இல் இந்தியாவிலேயே முதலாவதாக, தர மேலாண்மைக்காக ஜப்பானில் வழங்கப்படும் டெமிங் பரிசைப் பெற்றதை எங்கள் வட்டாரத்தில் அனைவரும் அறிவோம். இருப்பினும், எங்கள் ஆலையில் ரிஜெக்ஷன், அதாவது தரம் தவறி ஒதுக்கப்படும் உருப்படிகள், கூடினால் இன்ஸ்பெக்டர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதே நெடுநாள் வழக்கமாக இருந்தது.

ஒருமுறை, கணினி வழி இயங்கும் சி.என்.சி. இயந்திரத்தில் கடைந்த துளையின் அளவு ஷிப்ட் தொடக்கத்தில் சரியாக இருந்து, நேரம் செல்லச் செல்லச் சிறுத்துக்கொண்டே போயிற்று. ‘ஆபரேட்டரின் கவனக்குறைவு’ என்று எழுதிக் கோப்பை மூடாமல், புதிதாக வந்த ஆலை மேலாளர் உற்பத்தி, கொள்முதல், கணக்குப் பிரிவினரை இயந்திரத்தின் அருகிலேயே கூட்டி, ஏன் என்று அடுத்தடுத்துக் கேட்டார். துளையைக் கடையும் இன்சர்ட்டின் (மாற்றிப் பொருத்தக்கூடிய வெட்டும் துண்டின்) முனை விரைவில் தேய்ந்தது. தேய்ந்ததற்குக் காரணம், மலிவான வேறொரு பிராண்டு வாங்கப்பட்டிருந்தது. அதை வாங்கியதற்குக் காரணம், கொள்முதல் பிரிவுக்கு விலைக்குறைப்பு ஒன்றே ஆண்டு இலக்காக இருந்தது. தவறிய உருப்படிகளைத் திருத்தும் ரீவொர்க் செலவு உற்பத்திக் கணக்கில் ஏறியதால், தாங்கள் மிச்சப்படுத்திய பணம் எங்கே கரைகிறது என்பதை அவர்கள் அறிய வழியே இருக்கவில்லை.

அதன்பின், ஒரு முனையில் எத்தனை உருப்படிகள் கடைய முடிகிறது என்பதும் கொள்முதலின் இலக்கில் சேர்க்கப்பட்டது. ஆபரேட்டர் தாமே அளந்து அளவின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் கட்டுப்பாட்டு வரைபடத்தில் புள்ளி வைக்கவும், புள்ளிகள் ஒரே பக்கமாகச் சரிந்தால் எல்லையைத் தொடுமுன் ஆஃப்செட்டை (கருவியின் நிலையைச் சரிசெய்யும் அளவை) திருத்தவும் அதிகாரம் பெற்றார். செய்த மாற்றங்களிலெல்லாம் இதுவே பெரிது என்பது என் உறுதியான கருத்து.

கோவையிலிருந்து ஓர் உறுப்பினர்:

நீர்மூழ்கி மோட்டார் தயாரிக்கும் எங்கள் நிறுவனத்தில், ஜப்பானில் 1962-இல் தொடங்கிய முறையைப் பின்பற்றித் தர வட்டங்கள் (தரச் சிக்கல்களைத் தொழிலாளர்களே கூடிப் பேசும் சிறு குழுக்கள்) அமைக்கப்பட்டன. கூட்டங்கள் ஷிப்ட் முடிந்தபின் நடந்ததால், பேருந்தைப் பிடிக்க வேண்டிய பெண்கள் எவரும் வாய் திறக்கவில்லை. மனிதவளப் பிரிவு கூட்டத்தைப் பணி நேரத்துக்குள் கொண்டுவந்த பிறகே, மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் பிரிவுப் பெண்கள், பிரஸ்ஸில் வெட்டிய இரும்புத் தகடுகளான ஸ்டாம்பிங்குகளின் காடி விளிம்பிலுள்ள பிசிறு கம்பியின் உறையைக் கீறுவதை விரலால் தொட்டுக் காட்டினார்கள். மோட்டார் எரிந்து திரும்பும்போதெல்லாம் வைண்டிங்கைக் குறை கூறிவந்த பிரஸ் பிரிவினர், தகட்டை வெட்டும் டைக்குச் சாணை பிடிக்கும் இடைவெளியை அந்த வாரமே குறைத்தனர்.