ஆற்காட்டு வீட்டுக் குழு

கஸ்தூரி: விபத்தில் தலையில் அடிபட்டதற்கு ஊனச் சான்றிதழ் வாங்க இன்று முகாமுக்கு அவரை அழைத்துப் போனோம் அண்ணி. நடக்கச் சொன்னார்கள், நடந்தார். கையைத் தூக்கச் சொன்னார்கள், வலது கை பாதிதான் எழுந்தது. "நன்றாகத் தேறிவிட்டாரே, 30 சதவீதம்தான் வரும்" என்று அனுப்பிவிட்டார்கள். 40 இல்லாமல் எதுவும் கிடைக்காதாமே?

பரிமளா: முருகனிடம் யாராவது பேசிப் பார்த்தார்களா?

கஸ்தூரி: பெயர் கேட்டார்கள், சொன்னார். அவ்வளவுதான்.

பரிமளா: அங்கேதான் விட்டுப்போயிருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் 21 வகை இருக்கிறது. தலைக்காயம் என்று தனி வகை கிடையாது. அதனால் அந்த அடி எதையெல்லாம் கெடுத்ததோ அதை ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்ல வேண்டும். கை கால் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம், ஞாபகமும் கோபமும் இன்னொரு பக்கம். முருகன் தண்ணீர் கேட்க நினைத்துச் சாவி என்கிறானே, அதற்கு அஃபேசியா என்று பெயர். பேச்சு, மொழிக் குறைபாடு என்ற வகையில் அந்தப் பெயரே சட்டத்தில் இருக்கிறது.

தினேஷ்: கைக்கு 30, பேச்சுக்கு 20 என்று வந்தால் 50 ஆகிவிடுமா அக்கா?

பரிமளா: நேராகக் கூட்ட மாட்டார்கள் தினேஷ். பெரிய எண்ணை 90இலிருந்து கழித்தால் மீதி 60 இருக்கிறதல்லவா, 90க்கு 60 என்ற விகிதத்தில்தான் 20ஐச் சேர்ப்பார்கள். மொத்தம் 43 சொச்சம் வரும். அதுவே 40ஐத் தாண்டிவிடுகிறதே. பேச்சைப் பார்க்காமல் விட்டால் எவ்வளவு நஷ்டம் பார்.

சேகர்: 40 வந்தால் அடையாள அட்டை கிடைக்கும், டவுன் பஸ்ஸில் டிக்கெட் வேண்டாம். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வேறு கணக்கு. கை கால் ஊனத்துக்கு அது 75 சதவீதத்துக்கு மேல் கேட்கிறது. 2023 ஜனவரியில்தான் 1,500ஐ 2,000 ஆக்கினார்கள். அதை நம்பி இப்போதே கடன் வாங்கிவிடாதே அம்மா. முதலில் சான்றிதழ் வரட்டும். திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுப்போம், வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸுக்கு நானும் வருகிறேன்.

தினேஷ்: அப்பா, அண்ணன் ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் ஆற்காடு முகவரி. 2019இல் மாவட்டம் பிரிந்துவிட்டது. நமக்கு ராணிப்பேட்டை கலெக்டர் ஆபீஸ்தான்.

சேகர்: சரிதான். வட ஆற்காடு காலத்திலிருந்து எல்லாவற்றுக்கும் வேலூர் என்றே பழகிவிட்டது. ராணிப்பேட்டைக்கே போவோம்.

கஸ்தூரி: மாமா, வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவர் நன்றாகத்தான் இருக்கிறார். நேற்று கேஸைத் திறந்துவிட்டு, பற்ற வைக்காமல் வாசலுக்குப் போய்விட்டார். பிள்ளை சத்தம் போட்டால் தட்டை எறிகிறார். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத மனிதர். எதிர் வீட்டில் "குடிக்க ஆரம்பித்துவிட்டாரா" என்று கேட்டார்கள். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

பரிமளா: அவன் குணம் மாறிவிட்டதாக நினைக்காதே கஸ்தூரி. அவனுக்கு அடிபட்டது நெற்றிப் பக்கத்து மூளையில். கோபத்தைப் பிடித்து வைப்பதும், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று யோசிப்பதும் அங்கேதான். நீ இப்போது எழுதியதையே தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வா. மருத்துவ போர்டில் அவனைக் கேட்டால் "நன்றாக இருக்கிறேன்" என்றுதான் சொல்வான். தன் குறை தனக்கே தெரியாமல் போவதும் இந்தக் காயத்தில் உண்டு. அதனால் நீதான் பேச வேண்டும். தயங்காதே, நான் பக்கத்தில் இருப்பேன்.

தினேஷ்: ஆன்லைனில் நான் விண்ணப்பம் போட்டுவிடுகிறேன். எந்த வகை என்று கேட்பார்கள், என்ன போட?

பரிமளா: கை கால் குறைபாட்டை மட்டும் போட்டு நிறுத்திவிடாதே, பேச்சையும் சேர். ஞாபகத்துக்கும் நடத்தைக்கும் மனநல மருத்துவரும் உளவியலாளரும் பார்க்க வேண்டும் என்று மனுவிலேயே எழுதுவோம். வாலாஜா ஆஸ்பத்திரியில் அதற்கு வசதி இல்லை என்றால் அடுக்கம்பாறை மெடிக்கல் காலேஜுக்கு எழுதித் தரச் சொல்லிக் கேட்போம்.

கஸ்தூரி: கைக்குப் பயிற்சி நின்றுபோய்விட்டது அண்ணி. ஆட்டோவுக்கே கொடுத்து மாளவில்லை.

பரிமளா: அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் கொடு.

கஸ்தூரி: அது சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்குத்தானே?

பரிமளா: இல்லை, 2021இல் தொடங்கியதிலிருந்தே வீட்டுக்கு வந்து பிசியோதெரபி கொடுப்பதும் அதில் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி வை. பேச்சுப் பயிற்சிக்கு வேலூர் பாகாயம் போய்ப் பார்க்கலாம், சி.எம்.சி. மறுவாழ்வு மையம். அது அரசு இடம் இல்லை, செலவைப் பற்றி அங்குள்ள சமூகப் பணியாளரிடம் முதலிலேயே பேசிவிட வேண்டும். 1966இல் அதைத் தொடங்கிய டாக்டர் மேரி வர்கீஸ், கார் விபத்தில் இரண்டு காலும் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தே அறுவை சிகிச்சை செய்தவர். விபத்துக்குப் பிறகு வீட்டில் என்ன நடக்கிறது என்று அங்கே விளக்கிச் சொல்ல வேண்டியிருக்காது.

சேகர்: விபத்து வழக்குக்கு வக்கீல் பீஸ் கேட்டார்களே, அதை நிறுத்து கஸ்தூரி. மாற்றுத்திறனாளிக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள். சான்றிதழ் வந்ததும் அங்கே போவோம்.

கஸ்தூரி: சரி மாமா. டிஸ்சார்ஜ் சம்மரி அனுப்பியிருக்கிறேன் தினேஷ், இரண்டாம் பக்கம் தெரிகிறதா?

தினேஷ்: தெரிகிறது அண்ணி. தலை ஸ்கேன் ரிப்போர்ட்டையும் அண்ணன் போட்டோவையும் அனுப்புங்கள், இன்று இரவே போட்டுவிடலாம்.