நடை தள்ளாடினால் குடி மட்டும்தானா? சிறுமூளை நோயைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கொளத்தூர் வாசு:
சித்தப்பாவுக்கு 45 வயதில் நடை தள்ள ஆரம்பித்தது, பேச்சும் இழுத்தது. பெரம்பூர் மார்க்கெட்டில் "காலையிலேயே ஏத்திக்கிட்டாரு" என்று காதுபடவே சொன்னார்கள். மனுஷர் டீயைத் தவிர எதையும் தொடாதவர். வியாதியைவிட அந்தப் பேச்சுதான் அவரை வீட்டோடு முடக்கியது.

டாக்டர் தன் விரலை நீட்டி, "இதைத் தொட்டுட்டு உங்க மூக்கைத் தொடுங்க" என்றார். பாதி தூரம் கை ஒழுங்காகத்தான் போனது. விரலை நெருங்க நெருங்க இடமும் வலமுமாக ஆட்டம். பார்க்கின்சனில் சும்மா மடியில் கிடக்கும் கைதான் நடுங்கும், இது நேர்மாறு. மரபணுப் பரிசோதனையில் எஸ்.சி.ஏ.1 என்று வந்தது, சிறுமூளையைக் கெடுக்கும் ஒரு பரம்பரை நோய். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

ஸ்கேனில் சிறுமூளை சுருங்கியிருந்தது. "செல்லெல்லாம் செத்துப்போச்சா டாக்டர்?" என்றேன். "சாகறதுக்கு ரொம்ப முன்னாடியே அதோட துடிப்பு கெட்டுடும்" என்றார். வெளியே அவ்வளவு கூட்டம், அதற்குமேல் கேட்க முடியவில்லை. விவரம் தெரிந்தவர் சொல்லுங்கள்.

அடையாறு மாணவி:
வாசு சார், டாக்டர் சொன்னது சிறுமூளைச் செல்லின் மின் துடிப்பை. எலி மூளையில் அதைக் காதாலேயே கேட்டிருக்கிறேன். 1837-ல் பர்கின்ஜி என்ற செக் விஞ்ஞானி விவரித்ததால் அதற்குப் பர்கின்ஜி செல் என்று பெயர். மூளையை மெல்லிய சீவலாக அறுத்துக் கரைசலில் வைத்தாலும், யாரும் தூண்டாமலே வினாடிக்குப் பல பத்துத் தடவை துடிக்கும். ஸ்பீக்கரில் இணைத்தால் தையல் மெஷின் ஓடுகிற மாதிரி ஒரே சீர். எஸ்.சி.ஏ.1 நோயை உண்டாக்கிய எலியில் அது மந்தமாகிறது. இந்த நோயின் வேறு சில வகைகளில் விட்டுவிட்டுத் தாறுமாறாகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு செல்லை அமர்த்தி அடுத்ததற்குத் தயாராக்குவதில் பொட்டாசியம் சேனல்களுக்கு, அதாவது செல் சுவரில் பொட்டாசியம் போகும் வாசல்களுக்கு, பெரிய பங்கு. நோயில் அவற்றில் சில குறைந்துவிடுகின்றன. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் செல் உயிரோடுதான் இருக்கும்!

சிறுமூளைப் புறணியிலிருந்து (அதன் மேலடுக்கு) வெளியே செய்தி போவது இந்தச் செல் வழியாக மட்டும்தான். அடுத்த கட்ட நரம்பணுக்களை அடக்கிப் பிடிப்பது இதன் வேலை. பிடி நேரம் தவறினால், கையை எங்கே நிறுத்துவது என்ற கணக்கும் தவறும். சித்தப்பாவின் விரல் கடைசி ஜாணில் ஆடியது அதனால்தான்.

2011-ல் வெளியான ஓர் ஆய்வில் எஸ்.சி.ஏ.1 எலிகளுக்கு அமினோபிரிடின் என்ற மருந்தைக் கொடுத்தபோது துடிப்பும் தேறியது, நடையும் தேறியது. ஆனால் மனிதர்களில் இந்த நோயைத் தடுத்து நிறுத்தும் மருந்து இன்னும் இல்லை. அமினோபிரிடினை இணையத்தில் விற்கிறார்களே என்று வாங்கிவிடாதீர்கள், அளவு மீறினால் வலிப்பு வரும்.

பிசியோ அக்கா, கே.கே.நகர்:
மருந்து வரும்வரை சும்மா இருக்க வேண்டாம், வாசு தம்பி. சமநிலைப் பயிற்சியை விடாமல் செய்தால் நடையில் முன்னேற்றம் தெரியும். டீயை மூடி போட்ட டம்ளரில், பாதி மட்டும் ஊற்றிக் கொடுங்கள். அப்புறம், டாக்டரிடம் தமிழில் ஒரு கடிதம் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள். பஸ்ஸில் யாராவது வாயைத் திறந்தால் எடுத்து நீட்டட்டும்.