‘தமிழ்’ என்ற சொல்லுக்கு 3, 5, 15 என்று மூன்று நீளம் வருகிறது: எதை நம்புவது?

கட்டம்நிரப்பி:
வணக்கம். மூன்றெழுத்துத் தமிழ்ச் சொல்லைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு ஒன்று எழுதுகிறேன். சொற்பட்டியலைப் பைதானில் வடிகட்டி, மைஎஸ்கியூஎல்லில் ஏற்றி, பிஎச்பி 8.2 வழியாக ஜேசனாக (தரவு அனுப்பும் உரைவடிவம்) அனுப்பி, உலாவியில் ஜாவாஸ்கிரிப்டில் காட்டுகிறேன். சிக்கல்கள் இவை:

‘தமிழ்’ என்ற சொல்லுக்குப் பைதானின் லென் 5 தருகிறது. ஜாவாஸ்கிரிப்ட் லெங்த்தும் 5. பிஎச்பி ஸ்டர்லென் 15. எனக்கு வேண்டியது 3.

ஒவ்வொரு கட்டமும் தனி இன்புட்; மேக்ஸ்லெங்த் 1. ‘மி’ என்று அடித்தால் ‘ம’ முதல் கட்டத்தில் நிற்கிறது, கொக்கி மட்டும் புள்ளிவட்டத்தோடு அடுத்த கட்டத்தில் விழுகிறது.

குறிப்பு வாக்கியத்தைப் பிஎச்பியின் ஸப்ஸ்டர் வைத்து 30-ல் வெட்டுகிறேன். சில குறிப்புகளுக்கு மட்டும் ஜேசன் பதில் வெறுமையாக வருகிறது, பிழைச்செய்தியும் இல்லை.

‘கொடி’ சரியான விடை. அதையே அடித்தாலும் சிலருக்குத் ‘தவறு’ என்கிறது.

மெய்யெழுத்து:
நான்கும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. முதலில் பைதானில் ஒவ்வொரு குறியையும் ‘ஆர்ட்’ சார்பில் கொடுத்துப் பாருங்கள். ‘தமிழ்’ இப்படிப் பிரியும்: 2980, 2990, 3007, 2996, 3021. அதாவது த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. எல்லா மொழிக் குறிகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் இவை ஐந்து குறியெண்கள். அந்த எண்களைப் பைட்டாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் 3 பைட், ஆகவே 15. பிஎச்பியின் ஸ்டர்லென், கோவின் லென், ரஸ்ட்டின் லென் எல்லாம் பைட்டை எண்ணும். பைதான் குறியெண்ணை எண்ணும். ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்ட்டும் யூடிஎஃப்-16 அலகை எண்ணும். தமிழுக்கு அதுவும் குறியெண்ணும் ஒன்றே, இமோஜி வந்தால்தான் வேறுபடும். ஸ்விஃப்ட்டின் கவுண்ட் மட்டும் நேராக 3 சொல்லும்.

நாம் எழுத்து என்று சொல்வதற்கு யூனிகோட் வைத்திருக்கும் பெயர் கிராஃபீம் கிளஸ்டர். அதைக் கேட்டு வாங்க வேண்டும்:

ஜாவாஸ்கிரிப்ட்: இன்டல்.செக்மென்டர். மொழிக்குறியாக டி-ஏ கொடுத்து ஒன்றை உருவாக்கி, அதன் செக்மென்ட் முறையை அழைத்து, அர்ரே.ஃப்ரம் வழியாகப் பட்டியலாக்குங்கள். த, மி, ழ் என்று மூன்று வரும். ஃபயர்ஃபாக்ஸில் இது 125-ஆம் பதிப்பில்தான் வந்தது, பழைய உலாவிகளுக்கு மாற்று வேண்டும்.

பைதான்: கூடவே வரும் ‘ரீ’ என்ற தேடல் தொகுதிக்கு \எக்ஸ் (ஒரு முழு எழுத்தைக் குறிக்கும் தேடற்குறி) தெரியாது. ‘ரீஜெக்ஸ்’ என்ற தொகுதியைப் பிப் மூலம் நிறுவி, அதன் ஃபைண்ட்ஆலில் \எக்ஸ் கொடுங்கள். ‘ஓப்பன்-தமிழ்’ தொகுதியின் கெட்_லெட்டர்ஸ் சார்பும் இதையே செய்யும்.

பிஎச்பி: கிராஃபீம்_ஸ்டர்லென். இதற்கு இன்டல் நீட்சி வேண்டும், பகிர்வு வழங்கிகளில் சில இடத்தில் அது அணைந்திருக்கும். அப்போது ப்ரெக்_மேட்ச்_ஆலில் \எக்ஸ், முடிவில் யூ கொடி. யூ கொடியை மறந்தால் மறுபடி பைட் கணக்குதான்.

ரீ தொகுதியில் இன்னொரு பொறி. சொல்லில் வரும் குறியைத் தேடும் அதன் \டபிள்யூ, உயிர்க்குறிகளையும் புள்ளியையும் ‘சொல்லின் பகுதி’யாக ஏற்காது. \டபிள்யூ+ வைத்து ‘தமிழ்’ தேடினால் ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டு வரும். வடிகட்டியில் அதை வைத்திருந்தால் உங்கள் பட்டியலே இந்நேரம் சிதைந்திருக்கும். 2944 முதல் 3071 வரையுள்ள தமிழ்த் தொகுதியை எல்லையாகக் கொடுங்கள்.

வழங்கிக்காரன்:
வெறுமையான ஜேசனுக்கு: ஸப்ஸ்டர் 30 பைட்டில் வெட்டுது. தமிழ்க் குறி 3 பைட், இடைவெளி 1 பைட். முதல் 30 பைட்டுக்குள்ள இடைவெளியே இல்லேன்னாலோ சரியா மூணு இருந்தாலோ வெட்டு சுத்தமா விழும். ஒண்ணு, ரெண்டு இருந்தா ஒரு எழுத்தோட நடுவுல விழும். அதான் ‘சில குறிப்புகளுக்கு மட்டும்’. உடைஞ்ச யூடிஎஃப்-8-ஐப் பார்த்ததும் ஜேசன்_என்கோட் ஃபால்ஸ் திருப்பும், எக்கோ ஃபால்ஸ்னா ஒண்ணுமே அச்சாகாது.

ஜேசன்_த்ரோ_ஆன்_எரர் கொடியை எப்பவும் போட்டு வைங்க, அடுத்த தடவை சத்தம் போட்டு விழும். இன்வாலிட்_யூடிஎஃப்8_இக்னோர் போடச் சொல்லி யாராவது வருவாங்க, கேக்காதீங்க. அது உடைஞ்சதை மறைக்கும், சரி பண்ணாது.

எம்பி_ஸப்ஸ்டர் மாத்தினா உடையாது, ஆனா ‘தமிழ்’ நாலுல வெட்டினா ‘தமிழ’ ஆயிடும். புள்ளி போச்சு. கிராஃபீம்_ஸப்ஸ்டர்தான் சரி.

மைஎஸ்கியூஎல்ல: அட்டவணை, இணைப்பு ரெண்டுமே யூடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்கியூஎல்லோட முழு யூடிஎஃப்-8) ஆ இருக்கணும். லெங்த் பைட் எண்ணும், கேர்_லெங்த் குறியெண் எண்ணும், எழுத்து எண்ண அங்க ஒண்ணுமில்ல. அதனால எழுத்து எண்ணிக்கையைப் பைதான்லயே கணக்குப் பண்ணி தனி நெடுவரிசையா சேமிச்சிடுங்க.

அரைமாத்திரை:
கட்டச் சிக்கலுக்கு மேக்ஸ்லெங்த்தை 2, 3 என்று ஏற்றிப் பார்க்காதீர்கள், பயனில்லை. அது யூடிஎஃப்-16 அலகை எண்ணுகிறது. ‘த’வுக்கு 1, ‘மி’க்கு 2.

அதைவிட ஆழமான காரணம் தட்டச்சு முறை. தமிழ்99 விசைப்பலகை முறையில் ‘ம’ அடித்த பிறகுதான் ‘இ’ விசை அதை ‘மி’ ஆக்கும். ‘க’வை இருமுறை அடித்தால் முந்தைய ‘க’ தானாகப் புள்ளி பெற்று ‘க்க’ ஆகும். ‘ங’வை அடுத்துக் ‘க’ அடித்தாலும் அப்படியே. ஒலிபெயர்ப்பு முறையில் முதலில் ‘ம்’ வரும், பிறகு உயிர் வந்து புள்ளியை அழிக்கும். எந்த முறையானாலும் ஓர் எழுத்து முடிந்ததா என்பது அடுத்த எழுத்து தொடங்கிய பிறகுதான் தெரியும். ஆகவே ‘ஒரு குறி வந்தது, அடுத்த கட்டத்துக்கு நகர்’ என்ற நிரல் ஆங்கிலத்துக்கு ஓடும், தமிழுக்கு ஓடாது.

செய்ய வேண்டியது: மூன்று இன்புட்டையும் எடுத்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரே இன்புட் வையுங்கள். கட்டங்கள் வெறும் டிவ். ஒவ்வொரு இன்புட் நிகழ்விலும் முழு மதிப்பையும் செக்மென்டரில் பிரித்து, கட்டங்களைப் புதிதாக வரையுங்கள். நான்காம் எழுத்து வந்தால் வெட்டலாம், ஆனால் இஸ்கம்போசிங் (எழுத்து இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது என்ற அடையாளம்) ட்ரூவாக இருக்கும்போது மதிப்பில் கை வைக்காதீர்கள்; ஆண்ட்ராய்டு விசைப்பலகைகளில் எழுத்து இரட்டிக்கும். கம்போசிஷன்எண்ட் வந்த பிறகு வெட்டுங்கள். டிஸ்ப்ளே நன் வைத்து மறைத்தால் குவியம் கிடைக்காது, ஒபாசிட்டி 0 வையுங்கள்.

கட்டம்நிரப்பி:
நன்றி. ஒரே இன்புட் முறையில் கட்டங்கள் சரியாக நிரம்புகின்றன, ஜேசனும் வருகிறது. ‘கொடி’ இன்னும் பாக்கி. தவறு என்று வந்த உள்ளீட்டின் குறியெண்கள்: 2965, 3014, 3006, 2975, 3007. பட்டியலில் இருப்பது: 2965, 3018, 2975, 3007. இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரிகின்றன.

மெய்யெழுத்து:
ஒகரக் குறிக்கு யூனிகோடில் இரண்டு வழி: 3018 என்ற ஒரே குறி, அல்லது 3014 (ஒற்றைக்கொம்பு) + 3006 (கால்). இரண்டும் சமம் என்று யூனிகோடே வரையறுத்திருக்கிறது, ஆனால் நிரலின் சமக்குறிக்கு அது தெரியாது. உரை உள்ளே வரும் எல்லா வாசலிலும் என்எஃப்சி வடிவுக்கு (பிரிந்த குறிகளை ஒரே குறியாகச் சேர்க்கும் யூனிகோட் வடிவம்) மாற்றுங்கள்: ஜாவாஸ்கிரிப்டில் நார்மலைஸ் முறை, பைதானில் யூனிகோட்டேட்டா.நார்மலைஸ், பிஎச்பியில் நார்மலைசர் வகுப்பு. கூடவே 8204, 8205 என்ற கண்ணுக்குத் தெரியாத இணைப்பிகளை நீக்குங்கள்; இணையப் பக்கங்களிலிருந்து படியெடுத்த பட்டியலில் இவை ஒட்டிக்கொண்டு வரும்.

என்எஃப்சி தீர்க்காதது ஒன்று உண்டு. ‘பௌர்ணமி’யை ஒற்றைக்கொம்பு + ‘ள’ போட்டு ‘பெளர்ணமி’ என்று அடித்து வைத்திருப்பார்கள். இது தட்டச்சுப் பிழை, யூனிகோட் இதைத் தொடாது. கண்மூடித்தனமாக மாற்றினால் ‘வெள்ளம்’, ‘தெளிவு’ இரண்டும் பாழ். 3014-க்குப் பின் 2995 வந்து, அதன்பின் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாத சொற்களை மட்டும் தனியே எடுத்துக் கண்ணால் பாருங்கள். சிறிய பட்டியல்தான் வரும்.

அரைமாத்திரை:
ஒரு சேர்க்கை: \எக்ஸ், செக்மென்டர் இரண்டும் ‘க்ஷ’வை க், ஷ என்று இரண்டாகவும், ‘ஸ்ரீ’யை ஸ், ரீ என்று இரண்டாகவும் பிரிக்கும். ஒரே எழுத்தாகக் கொள்வதானால் பிரித்த பிறகு நீங்களே ஒட்ட வேண்டும். எளிய வழி, அத்தகைய சொற்களைப் பட்டியலில் சேர்க்காமல் விடுவது. விளையாடுபவர்களும் அடிக்கத் திண்டாடுவார்கள்.

கட்டம்நிரப்பி:
என்எஃப்சி போட்டதும் ‘கொடி’ சரியாகிவிட்டது. கிரந்தச் சொற்களை நீக்கிவிட்டேன். கடைசியாக, விடைப்பட்டியலை அகரவரிசையில் காட்ட சார்ட் போட்டால் ‘ன’ போய் ‘ந’வுக்கு அடுத்து நிற்கிறது. ‘ற’வும் ‘ர’வுக்குப் பின்னால்.

வழங்கிக்காரன்:
வெறும் சார்ட் குறியெண் வரிசையில அடுக்கும். ந 2984, ன 2985, ர 2992, ற 2993, அதான். மொழிக்கேத்த வரிசை தெரிஞ்ச இன்டல்.கொலேட்டர்ல டி-ஏ கொடுத்து, அதோட கம்பேர் சார்பை சார்ட்டுக்குள்ள போடுங்க. ழ, ள, ற, ன கடைசிக்குப் போயிடும், ‘க்’கும் ‘க’வுக்கு முன்னாடி வரும். பிஎச்பிலயும் கொலேட்டர் வகுப்பு இருக்கு, அதுக்கும் அதே இன்டல் நீட்சிதான்.