கேட் (CAD, கம்ப்யூட்டரில் பாகங்களை வரையும்) சாஃப்ட்வேர் வாங்கியதில் உங்களுக்கு என்ன நடந்தது?

பவுண்டரிக்காரன் (கோவை):
பம்ப்பின் வால்யூட் கேசிங், அதாவது சுருள் வடிவ வெளிக்கூடு. கஸ்டமரிடம் இருந்த சாஃப்ட்வேர் சாலிட்வொர்க்ஸ், நாங்கள் விலை பார்த்து வேறு ஒன்றை வாங்கியிருந்தோம். "ஸ்டெப் ஃபைல் (எல்லா கேட் சாஃப்ட்வேருக்கும் பொதுவான ஃபைல்) போதும் சார், எல்லாம் திறக்கும்" என்றார் விற்க வந்தவர். திறக்கத்தான் செய்தது. ஒரு சாயங்காலம் போன்: "ரிப் (தாங்கு விலா) 4 எம்எம் இருக்குங்க, 5 ஆக்கிக் காலையில அனுப்பிடுங்க." வரைந்த படிகளைக் காட்டும் ஃபீச்சர் ட்ரீயில் ஒரே வரி, இம்போர்ட்டட். ஸ்கெட்ச் இல்லை, ஃபில்லெட் (மூலை உருட்டல்) இல்லை, வெறும் கட்டி. டிசைனர் தங்கச்சி திரும்பி என் முகத்தைப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ராத்திரி 2 மணிவரை முதலிலிருந்து வரைந்தது பாவம்.

டூல்ரூம் மாமா:
தம்பி, குறை ஸ்டெப்பில் இல்லை. ரிப்பின் முகத்தைப் பிடித்து நகர்த்தியிருந்தாலே முடிந்திருக்கும். சாலிட் எட்ஜ் சாஃப்ட்வேரில் அப்படி நகர்த்தும் சிங்க்ரோனஸ் வசதி 2008லேயே வந்தாச்சு. சாலிட்வொர்க்ஸ், என்எக்ஸ், சாலிட் எட்ஜ் மூன்றிலும் கர்னல், அதாவது வடிவத்தைக் கணக்கிடும் உள் எஞ்சின், பாராசாலிட்தான், அதன் எக்ஸ்_டி ஃபைலாக வாங்கினால் பரப்பு கிழியாது. ஹிஸ்டரி (வரைந்த படிகள்) அதிலும் வராது. வாங்கும் முன்னாடி கஸ்டமரிடம் வெர்ஷனைக் கேளுங்க. 2023ல் சேவ் பண்ணியது 2021ல் திறக்காது. டெமோவில் அவங்க பாகத்தைப் பார்க்காதீங்க. உங்களிடம் இருப்பதிலேயே மோசமான பாகத்தைக் கொடுத்து, அளவை மாற்றிக் காட்டச் சொல்லுங்க. எனக்கு நடந்ததா? அந்த 2021, 2023 கதைதான். ஒரு நாள் வேலை போச்சு.

ஜிக்ஃபிக்ஸ்சர்:
நான் வாங்கவில்லை, இலவச சாஃப்ட்வேரான ஃப்ரீகேட் 0.19. அடி ஸ்கெட்ச்சில் ஒரு கோடு கூட்டினேன், டோவல் (பொருத்து முளை) ஓட்டை வேறு முகத்துக்குத் தாவிவிட்டது. கவனிக்காமல் டிராயிங் கொடுத்துவிட்டேன். ட்ரில் போட்ட பிளேட்டைக் கையில் வாங்கியதும் வயிற்றைக் கலக்கியது. 2024 நவம்பரில் வந்த 1.0ல் இந்தச் சிக்கல் பெருமளவு குறைந்திருக்கிறது. இன்றும் அதில்தான் வரைகிறேன். ஓட்டையை மட்டும் பாகத்தின் முகத்தில் வைக்காமல் டேட்டம் பிளேனில் (தனியாக வைக்கும் ஆதாரத் தளத்தில்) வைக்கிறேன்.

ஷீட்மெட்டல்:
எங்களுக்கு 2டியே போதும். ஆனால் டிஎக்ஸ்எஃப் (2டி டிராயிங்) ஃபைலை லேசர் கட்டிங்குக்கு அனுப்பும்போது யூனிட்டைச் சொல்லிவிடுங்கள். 10 இன்ச் பிராக்கெட் 10 எம்எம்மாக வந்தது, உள்ளங்கையில் நாலைந்து வைக்கலாம்.

பவுண்டரிக்காரன் (கோவை):
மாமா, முகத்தை நகர்த்திப் பார்க்காமலா இருப்போம்? ரிப்புக்கு 2 டிகிரி ட்ராஃப்ட் (அச்சிலிருந்து கழல வைக்கும் சரிவு), அடியில் வால்யூட் வளைவோடு சேரும் ஃபில்லெட். நகர்த்தியதும் ஃபில்லெட் கிழிந்தது. கஸ்டமரிடம் நேட்டிவ் ஃபைல் (படிகளோடு உள்ள சாலிட்வொர்க்ஸ் ஃபைல்) கேட்டோம், தர மாட்டோம் என்றுவிட்டார்கள். அடுத்த லைசென்ஸை அவர்கள் வெர்ஷனிலேயே எடுத்தோம்.