பிஷ்கெக் வரலாற்று அருங்காட்சியகம்: உள்ளே போனவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நான் டாக்டருக்குப் படிக்க 2022ல் கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக் வந்தவன். அலா-தூ சதுக்கத்தில் கிர்கிஸ் காவிய வீரன் மானஸ் சிலைக்குப் பின்னால் வெள்ளையாக, பெட்டி மாதிரி நிற்கிற கட்டடத்தை எத்தனையோ தடவை தாண்டிப் போயிருக்கிறேன், உள்ளே போனது ஊரிலிருந்து அப்பா வந்தபோதுதான். அப்பா தச்சு வேலை செய்பவர். கண்ணாடிப் பெட்டிகளைச் சும்மா பார்த்துக்கொண்டே வந்தவர் நாடோடிகளின் யூர்ட் கூடாரத்தின் முன்னால் நின்றுவிட்டார், அரை மணி நேரம் நகரவே இல்லை. "ஆணி எங்கடா?" என்றார். ஆணியே கிடையாது. சுவராக நிற்கும் மரப்பின்னலைத் தோல்வாரால்தான் முடிந்திருக்கிறார்கள், அதனால் நம் கடைகளில் இழுத்து மடக்கும் இரும்புக் கேட் போல மடங்கி ஒட்டகத்தின்மேல் ஏறிவிடும். கூரைக் கழிகளின் மேல்முனை போய்ச் செருகிக்கொள்ளும் வளையம்தான் துந்துக். கிர்கிஸ்தான் கொடியின் நடுவில் இருப்பதும் அதுதான். அன்றுவரை அதை டென்னிஸ் பந்து என்று நினைத்திருந்தேன், சிரிக்காதீர்கள்.

---

தம்பி, நான் 2013 பேட்ச். அப்போது உள்ளே வேறு உலகம். கட்டடமே 1984ல் லெனின் அருங்காட்சியகமாகக் கட்டியது, திரும்பின பக்கமெல்லாம் வெண்கல லெனின்தான். கூரை ஓவியத்தில் அமெரிக்க அதிபர் ரீகன் ஏவுகணைமேல் சவாரி செய்வார்! கூடாரத்தை விட எனக்கு அதுதான் நினைவிருக்கிறது. சதுக்கத்தில் நின்ற லெனின் சிலையை 2003லேயே கட்டடத்தின் பின்பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள், உடைக்கவில்லை. 2016ல் சீரமைப்புக்கு மூடி 2021ல் திறந்தார்கள், நான் அதற்குள் ஊர் திரும்பிவிட்டேன்.

---

ஷிர்டாக் பற்றி யாருமே சொல்லவில்லையே? ஆட்டுக் கம்பளியை வெந்நீர் ஊற்றி உருட்டி அழுத்திச் செய்கிற கெட்டி விரிப்பு அது. இரண்டு நிறத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒரே வடிவத்தில் வெட்டி, வெட்டியதை மாற்றிப் பொருத்தித் தைப்பார்கள். இதன் கொம்பு வடிவம் அதில், அதன் பள்ளம் இதில். துணி வீணாகாது, ஒன்றுக்கொன்று நேர்மாறாக இரண்டு விரிப்பு கிடைத்துவிடும். இது எனக்குப் புரியவே நேரமாயிற்று, எங்கள் வகுப்பு கிர்கிஸ் பெண் காகிதத்தில் வெட்டிக் காட்டினாள். செய்யத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள் என்பதால் 2012ல் யுனெஸ்கோ இதை அவசரமாகக் காக்க வேண்டிய கலைகளில் சேர்த்தது.

ஓஷ் பஜாரில் சின்னதாக ஒன்று வாங்கி ஊருக்குக் கொண்டுபோனேன். அம்மா யாரையும் மிதிக்கவிடாமல் சுவரில் மாட்டிவிட்டாள். மழை நாளில் மட்டும் லேசாக ஆட்டு வாசனை வருகிறதாம்.