பங்கு உண்டு, லாபம் கிடையாது: பேக்கர்ஸ் ரசிகர்களிடம் மாட்டிய அனுபவங்கள்

விஸ்கான்சினுக்கு வேலைக்கு வந்த இரண்டாவது குளிர்காலம். கூட வேலை பார்ப்பவரால் கடைசி நேரத்தில் போக முடியவில்லை; கிரீன் பே பேக்கர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் ஆட்டத்துக்கான டிக்கெட் என் கைக்கு வந்தது. கிரீன் பே ஊரில் மொத்தமே ஒரு லட்சத்துச் சொச்சம் பேர். அணியின் மைதானமான லாம்போ ஃபீல்டில் 81,000 பேருக்கு மேல் உட்காரலாம். அப்படியும் சீசன் டிக்கெட்டுக்குக் காத்திருப்போர் பட்டியல் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. நானோ ஆட்ட விதியே அரைகுறையாகத் தெரிந்தவன்.

நாற்காலி இருக்கும் என்று போனால் நீளமான அலுமினியப் பெஞ்சு. பக்கத்தில் எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர். என் காலணியைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, தான் கொண்டுவந்த அட்டைப்பெட்டியைக் கிழித்துப் பாதியை நீட்டினார். "காலுக்கு அடியில் போட்டுக்கொள் தம்பி" என்கிற தொனி. குளிர் காற்றில் வருவதைவிடக் கான்கிரீட்டில் இருந்துதான் அதிகம் ஏறுமாம். உண்மைதான்.

அப்புறம் பேச்சு 1967 டிசம்பர் 31-க்குப் போனது. டல்லஸ் கவ்பாய்ஸ் அணியுடன் சாம்பியன்ஷிப் ஆட்டம், மைனஸ் 25 டிகிரி செல்சியஸ். மண்ணுக்கடியில் பதித்திருந்த சூடாக்கும் அமைப்பு காலை வாரிவிட்டது. நடுவர் ஒருவரின் விசில் உதட்டோடு உறைந்து ஒட்டிக்கொண்டது. பிறகு விசிலே இல்லாமல் கத்திக் கத்தி ஆட்டத்தை நடத்தினார்கள். கடைசிச் சில விநாடிகளில் பேக்கர்ஸின் பார்ட் ஸ்டார் பந்தை யாருக்கும் கொடுக்காமல் தானே கோட்டுக்குள் போய் விழுந்தார். 21-17, பேக்கர்ஸுக்கு வெற்றி. பெரியவர் அன்று அப்பாவோடு வந்த பையனாம். அன்றைக்கு மைதானத்தில் இருந்தது ஐம்பதாயிரம் பேர். "நானும் இருந்தேன்" என்று சொல்கிறவர்களைக் கூட்டினால் ஐந்து மைதானம் வேண்டும் என்று இந்த ஊரிலேயே கேலி உண்டு. ஆனால் அட்டை கொடுத்த மனுஷனை எப்படிச் சந்தேகப்படுவது?

கிளம்பும்போது, "இந்த அணியில் எனக்கு ஒரு பங்கு இருக்கிறது" என்றார். டிவிடெண்ட் எவ்வளவு வரும் என்று கேட்டேன். முன்வரிசைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். 1919-ல் கர்லி லாம்போ, தான் வேலை பார்த்த இறைச்சி பேக்கிங் கம்பெனியிடம் சீருடைக்குக் காசு வாங்கித் தொடங்கிய அணி. பெயரும் அதில் வந்ததுதான். பணமுடை வந்ததும் 1923-ல் ஊர்மக்களிடம் பங்கு விற்றார்கள். இன்று பங்குதாரர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். கடைசியாக 2021-ல் விற்றபோது ஒரு பங்கு 300 டாலர். லாபம் கிடையாது, விலைக்கு விற்கவும் முடியாது. கோயில் திருப்பணிக்கு நன்கொடை எழுதுகிற மாதிரிதான். சுவரில் மாட்ட ஒரு பத்திரம் மட்டும் வரும்.

——

அண்ணா, பெஞ்சு கதை எனக்கும் நடந்தது. அதைவிட என் மகள் கதை நன்றாக இருக்கும். கோடைப் பயிற்சி முகாமின்போது வீரர்கள் மைதானத்தில் இருந்து பயிற்சித் திடலுக்குக் குழந்தைகளின் சைக்கிளை வாங்கி ஓட்டிப் போவார்கள். பல வருஷ வழக்கம். நூற்றுமுப்பது கிலோ தேறும் ஒருவர் என் மகளின் ஊதா நிற சைக்கிளில் ஏறினார். முழங்கால் தாடையில் இடித்தது. மகள் அவருடைய ஹெல்மெட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே ஓடினாள். பின்சக்கரம் கோணிவிட்டது. சரி செய்யக் கூடாது என்கிறாள்.

——

நீங்கள் எல்லாம் கிரீன் பேயில் கொண்டாடுகிறீர்கள். நான் பேக்கர்ஸ் ரசிகன், இருப்பது சிகாகோவில், மச்சான் அந்த ஊர் அணியான பேர்ஸின் வெறியர். 2026 ஜனவரி 10 அன்று இரண்டு அணிகளும் மோதிய பிளேஆஃப் (தோற்றால் வெளியேற வேண்டிய) ஆட்டத்தை அவர் வீட்டில்தான் பார்த்தேன். பாதி ஆட்டத்தில் 21-3 என்று நாங்கள் முன்னிலை. அக்கா வைத்த பிரியாணியை நிம்மதியாகச் சாப்பிட்டேன். முடிவு 31-27, தோல்வி. டிசம்பரிலும் இதே அணியிடம் கையில் இருந்த ஆட்டத்தை விட்டுவிட்டு ஓவர்டைமில் தோற்றிருந்தோம்.

வரும் சீசனைப் பற்றி என் கணக்கு இதுதான். ஃபார்வ், ராட்ஜர்ஸ், இப்போது ஜோர்டன் லவ் என்று முப்பது வருஷமாகக் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்) பஞ்சம் இல்லாத அணி. ஆனாலும் சூப்பர் பவுல் எனும் இறுதிப் போட்டியைக் கடைசியாக வென்றது 2010 சீசனில். தடுப்பாட்ட வீரர் மைக்கா பார்சன்ஸை கவ்பாய்ஸிடம் இருந்து வாங்க, எங்கள் வீரர் கென்னி கிளார்க்கோடு 2026, 2027 முதல் சுற்று டிராஃப்ட் (புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும்) வாய்ப்புகளையும் கொடுத்தாகிவிட்டது. அந்த பார்சன்ஸுக்கு டிசம்பரில் டென்வர் ஆட்டத்தில் முழங்கால் தசைநார் கிழிந்தது. அவர் எப்போது பழைய வேகத்தில் ஓடுவார் என்பதில்தான் பாதி சீசன் தொங்குகிறது. மீதிப் பாதி, முன்னிலையைக் காப்பாற்றக் கற்றுக்கொள்வதில். இதில் எனக்கு நம்பிக்கை குறைவு.

மச்சான் அந்த 31-27-ஐக் கேக்கில் எழுதி வெட்டினார். செப்டம்பர் வரை அந்த வீட்டுப் பக்கம் போவதாக இல்லை. பிரியாணியை அக்கா டப்பாவில் கொடுத்தனுப்புகிறார்.